ஆபா டோக்கன்: வரிசை போயிற்று, நோட்டு போகவில்லை

அம்மாவுக்கு எட்டு வருஷமாகச் சுகர், பிரஷர். மாத்திரைக்கு வேலூர் பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்குத்தான் போவோம். போன மாதம் அங்கே ஓபி சீட்டுக்கு நிற்காமல், சுவரில் ஒட்டியிருந்த க்யூஆரைப் போனில் ஸ்கேன் செய்து, ஆபா என்கிற அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்ணில் டோக்கன் எடுத்தேன். பெயர், வயது, முகவரி எல்லாம் தானாகப் போய்விட்டது. இதற்கு முழு மார்க்.

உள்ளே போனதும்தான் மார்க் குறைந்தது. ஆபா 14 இலக்க எண், 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் அச்சாணியே அதுதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நம் சம்மதத்தோடு பழைய சீட்டும் சோதனை முடிவும் திறக்க வேண்டும். ஆனால் அங்கங்கே பதிகிறவர்கள் அதை அந்த எண்ணோடு கோத்தால்தானே? அம்மா கணக்கில் அன்றைய டோக்கன் மட்டும் இருந்தது. டவுன் லேபில் கொடுத்த ரத்தத்தின் ரிசல்ட் இல்லை.

"நோட்டு எடுத்தாந்தீங்களாம்மா?" என்றார் நர்ஸம்மா. அளவெல்லாம் எழுதுகிற அம்மாவின் நோட்டு மஞ்சப்பையிலிருந்து வந்தது. பிரஷர் அளவை அதில் எழுதி, ரெஜிஸ்டரில் எழுதி, அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால் நெட் இல்லை. "மத்தியானம் போட்டுக்கறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே அத்தனை கூட்டம், ஒரே அளவை மூன்று இடத்தில் எழுதச் சொன்னால் யாருக்கும் அலுக்கும்.

இத்தனைக்கும் வேலூர் சேர்ந்திருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், கம்ப்யூட்டரே பரவாத 1980களில், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழு நோய் விவரத்தை ஒழுங்காகத் திரட்டிக் காட்டியிருக்கிறது. மாவட்டத்து மருத்துவர்கள் நோயைப் பார்த்ததும் தபால் கார்டில் எழுதிப் போடுவார்கள், திரட்டிய விவரம் மாதாமாதம் அவர்களுக்கே திரும்பி வரும். எழுதியவருக்கே பயன்பட்டதால் எழுதினார்கள். இப்போது விவரம் மேலே போகிறது, நர்ஸம்மா மேசைக்குத் திரும்பி வருவதாகத் தெரியவில்லை. அதைச் சரி செய்யாமல் புதுப் புது ஆப் கொடுத்தால் அவருக்கு நாலாவது ரெஜிஸ்டர்தான்.

5க்கு 3 கொடுக்கிறேன். போகிறவர்கள் ஆபா எண்ணை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள், ஆதாரில் உள்ள போன் நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அம்மாவுடையது தம்பி நம்பர், அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டில் இருந்தான், அரைமணி போயிற்று. நோட்டையும் மறக்க வேண்டாம்.