செங்காந்தள் கிழங்கு ஆன்லைனில் வாங்குகிறீர்களா? என் 2,400 ரூபாய் போன கதை

கடுப்பில்தான் எழுதுகிறேன். நாட்டு மலர்க்கிழங்குகள் விற்கும் ஓர் ஆன்லைன் பக்கத்தில் செங்காந்தள் கிழங்கு பத்து வாங்கினேன். 2,400 ரூபாய். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பூ வீடியோவைப் பார்த்து நான் மயங்கவில்லை. அந்தப் பக்கத்தை நடத்தும் ஆள் போனில் பேசிய பேச்சுதான். "உங்க மண்ணு என்ன மண்ணு? களிமண்ணா இருந்தா மணல் கலந்துக்கோங்க, தண்ணி தேங்கினா கிழங்கு அழுகிடும்" என்றார். அத்தனையும் சரியான பேச்சு. திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிழங்கு, ஆடியில் வைத்தால் மழைக்குப் பூத்துவிடும் என்றார். இவ்வளவு தெரிந்தவரா ஏமாற்றப் போகிறார்? உடனே ஜிபேயில் போட்டுவிட்டேன்.

வந்தது ஒரு கறுப்புக் கவர். பெயர்ச்சீட்டு கிடையாது. பிடிகருணை என்று நினைத்து அம்மா காய்கறிக் கூடையில் போட்டுவிட்டார்கள்! கண்வலிக்கிழங்கு என்று ஊரில் சொல்வது இந்தச் செங்காந்தள் கிழங்கைத்தான். உள்ளே கோல்சிசின் என்ற விஷம், தின்றால் உயிரே போகும். 2,400 ரூபாய் வாங்கினவருக்கு 'விஷம்' என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்ட என்ன கேடு?

எடுத்துப் பார்த்தேன். கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும் கிழங்கு இது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும்தான் முளைக்கண். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. பத்திலும் நுனி ஒடிந்து, ஒடிந்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. போட்டோ அனுப்பினேன். "வெச்சுப் பாருங்க சார், கண்டிப்பா வரும்." வைத்தேன். ஒன்றும் வரவில்லை. தோண்டினால் கூழ்.

அப்புறம் ஆரம்பித்தது. முதலில் நான் தண்ணீர் அதிகமாக ஊற்றிவிட்டேனாம். அடுத்து கூரியர்காரர் போட்டு உடைத்தாராம். சரி, பாதிப் பணமாவது கொடுங்கள் என்றால், செடி கொடிக்கு ரீஃபண்ட் கிடையாதாம். அதோடு பிளாக். நேற்று தங்கை போனில் பார்த்தால் அதே வீடியோவை மறுபடி போட்டு "ஸ்டாக் வந்தாச்சு" என்று எழுதியிருக்கிறார். என் 2,400 அங்கேதான் இருக்கிறது!

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. முன்பணம் போடாதீர்கள். நுனி தெரிய ஒவ்வொரு கிழங்கையும் கிட்டத்தில் போட்டோ கேளுங்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.