கடாரம் கல்விச் சுற்றுலா: பணம் கட்டுமுன் படியுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்கள் உஷாராக இருங்கள். கடாரம், அதாவது இன்றைய கெடாவின் பழைய இடங்களைக் காட்டுவதாக 'கடாரம் கல்விச் சுற்றுலா' என்று ஓர் ஏஜெண்ட் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். எங்கள் பிள்ளைகளை நன்றாக ஏமாற்றிவிட்டார்.

ஆளுக்கு 85 வெள்ளி (ரிங்கிட்). செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் தவணையில் கட்டிய பணம். மெர்போக் அருங்காட்சியகம், புக்கிட் பத்து பஹாட் கோயில், சுங்கை பத்து அகழாய்வு இடம், விவரம் தெரிந்த வழிகாட்டி, மதியச் சாப்பாடு, சீட் பெல்ட் உள்ள பஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

வந்ததோ தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பழைய பஸ். பாதி இருக்கைகளில் பெல்ட்டே இல்லை. 2025 ஜூனில் கிரிக் அருகே பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்ததை எந்தப் பெற்றோர் மறப்பார்? வேறு பஸ் வராமல் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்று ஆசிரியர்கள் உறுதியாக நின்றார்கள். வந்தது, ஆனால் காலைப் பொழுது போய்விட்டது. அதையே சாக்காக வைத்து மீதியையும் சுருக்கிவிட்டார்.

வழிகாட்டி என்று வந்த பையன் எல்லாவற்றையும் ராஜேந்திர சோழன் கட்டினார் என்று ஒரே வரியில் முடித்தான். ராஜேந்திரனின் படை கடாரத்துக்கு வந்தது 1025 வாக்கில். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டதும் அதைத்தான். உலைக்குக் காற்று செலுத்திய மண்குழாயைப் பார்த்து வரைய ஆசிரியை பயிற்சித்தாளில் பெரிய கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கட்டம் காலியாகவே வீடு திரும்பியது. சுங்கை பத்து மூடியிருக்கிறது என்றார் ஏஜெண்ட். அருங்காட்சியக ஊழியரிடம் விசாரித்தேன், திறந்துதான் இருக்கிறது என்றார். சில கிலோமீட்டர் தூரம்தான். அங்கே போகாமல் பஸ்ஸை டோடோல், கெரோபோக் விற்கும் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாப்பாடு ஆறிப்போன நாசி லெமாக் பொட்டலம்.

2013-இல் வீடமைப்பு வேலைக்காக, இந்த இடங்களெல்லாம் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயிலின் மிச்சத்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். இருப்பதையாவது நம் பிள்ளைகள் சரியாகப் பார்க்க வேண்டாமா? எனக்குப் பணத்தைவிட இதுதான் ஆறவில்லை.

யார் வந்து கேட்டாலும் முதலில் சுற்றுலா அமைச்சின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், வழிகாட்டியின் உரிம அட்டையையும்தான். பஸ் பதிவு எண்ணை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள், பாதியைப் பயணம் முடிந்த பிறகு கொடுக்கலாம். எங்களிடம் முழுதாகக் கட்டினால்தான் பஸ் உறுதி என்று நெருக்கினார்.

திருப்பிக் கேட்டால் இன்றுவரை 'பார்க்கலாம்' என்கிறார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகிறோம். 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. உங்களையும் இதே ஆள் ஏமாற்றியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், நீங்களும் வழக்குப் போடுங்கள்.