பால்டர்ஸ் கேட் 3: சரியான நால்வரைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள்

2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3 என்ற கதை சார்ந்த வீடியோ கேம் கணினிக்கு வந்த வாரமே விளையாட ஆரம்பித்தேன். இதுவரை மூன்று முறை கடைசிவரை முடித்திருக்கிறேன், நான்காவது ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து வந்து இரவு ஒன்றிரண்டு மணி நேரம் விளையாடுபவன் நான். அதனால் ஒவ்வொரு முறையும் பல மாதங்கள் இழுத்தன. அந்த மாதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நால்வர் அடங்கிய பார்ட்டியை, அதாவது சேர்ந்து பயணம் செய்யும் குழுவை, எப்படி அமைப்பது என்பதுதான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கதையின் சில முக்கிய இடங்கள் நடுவில் வரும். இன்னும் விளையாடாதவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்தில் பழைய பாடத்தைத்தான் பின்பற்றினேன். அடி வாங்க ஒருவர், குணப்படுத்த ஒருவர், மந்திரம் போட ஒருவர், பூட்டுத் திறக்க ஒருவர். நான் பாலடின், கூடவே கிளெரிக் ஷேடோஹார்ட், விஸார்ட் கேல், ரோக் ஆஸ்டாரியன். பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத குழு. முதல் பாகம் முழுக்க நன்றாகவே போனது.

இரண்டாம் பாகத்தில் லாஸ்ட் லைட் விடுதி வருகிறது. சுற்றிலும் சாப இருள், நடுவில் இஸபெல் என்ற பெண்ணின் நிலவொளிக் காப்பால் மட்டும் பிழைத்திருக்கும் ஒரு விடுதி. மாடியில் அவளோடு பேசி முடித்ததும் சிறகு முளைத்த மார்கஸ் தன் கூட்டத்தோடு அவளைத் தூக்கிப் போக வருகிறான். அவள் வீழ்ந்தால் காப்பு போய்விடும், விடுதியில் இருப்பவர்கள் இருளுக்குப் பலியாகிவிடுவார்கள். கீழே பேசிப் பழகிய முகங்கள் எல்லாம்.

எனக்கு முறை வருவதற்குள் அவள் பாதி உயிரை இழந்திருந்தாள். இரண்டாவது சுற்றில் விழுந்தாள். லோட் செய்து மறுபடி ஆடினேன், மறுபடியும் அதேதான். மூன்றாவது முறைதான் சண்டையை நிறுத்திவைத்துவிட்டு மேலே இருக்கும் வரிசையைப் பார்த்தேன். எதிரிகள் எல்லோரும் முன்னால், என் ஆட்கள் பெரும்பாலும் பின்னால்.

இந்த கேமில் இனிஷியேட்டிவ், அதாவது யார் முதலில் என்பதற்கான பகடை, நாலு பக்கப் பகடை. மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அது இருபது பக்கம். இருபது பக்கப் பகடையில் டெக்ஸ்டெரிட்டியில் (சுறுசுறுப்பைக் காட்டும் எண்) இருந்து வரும் கூடுதல் எண்ணை அதிர்ஷ்டம் அடித்துக்கொண்டு போய்விடும். நாலு பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. டெக்ஸ்டெரிட்டி 10 உள்ள என் பாலடினுக்கு 1 முதல் 4 வரைதான் விழும். 16 உள்ளவருக்கு 4 முதல் 7 வரை. அவரோடு சமமாக வரவே என் பாலடினுக்கு ஆக அதிக எண்ணும் அவருக்கு ஆகக் குறைந்த எண்ணும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். கனமான கவசம் போட்டு முன்னால் நிற்பவர் கடைசியில்தான் நகருவார் என்பது ஏறக்குறைய முன்பே முடிவான விஷயம்.

இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. இதில் எதிரி நம் 'டேங்க்' மேல் மோத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்து விலகிப் போகிறவனை ஒரு வெட்டு வெட்டலாம், அதுவும் ஒரு சுற்றுக்கு ஒருவனை மட்டும். மற்றவர்கள் சும்மா கடந்துபோய் கேலைப் பிடித்துக்கொள்வார்கள். கவசம் போட்டவர் தன்னைக் காத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். மற்றவர்களைக் காக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். எதிரியைத் தன் பக்கம் சீண்டி இழுக்கும் ஃபைட்டரின் கோடிங் (Goading) அட்டாக் மாதிரி, கிளெரிக்கின் சாங்க்சுவரி மாதிரி.

அந்தச் சண்டையைக் கடைசியில் ஜெயித்தது சாங்க்சுவரியால்தான். முதல் நிலை மந்திரம், முறைக்குள் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். இஸபெல் மேல் போட்டால் யாரும் அவளை நேரடியாகத் தாக்க முடியாது. அவளே யாரையாவது தாக்கினால் கலைந்துவிடும், அவளும் சும்மா இருக்கமாட்டாள். ஆனாலும் எனக்குத் தேவைப்பட்ட ஒரு சுற்று கிடைத்தது.

இரண்டாவது ஆட்டம் டாக்டிஷியன் கடினத்தில். இந்த முறை நான் பார்ட். பாட்டுப் பாடுகிறவன் சண்டையில் என்ன செய்வான் என்று முன்பு ஒதுக்கியிருந்தேன். இப்போது யாராவது ஒரே ஒரு ஆலோசனை கேட்டால் பார்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் ஓய்வு. லாங் ரெஸ்ட், அதாவது முகாமில் எல்லாச் சக்தியும் திரும்ப நிறையும் நீண்ட ஓய்வு எடுக்க உணவுப் பொருள் வேண்டும். சாதாரண நிலையில் 40, டாக்டிஷியனில் 80. இரண்டு லாங் ரெஸ்ட்டுகளுக்கு நடுவே ஷார்ட் ரெஸ்ட் என்ற சின்ன ஓய்வு இரண்டுதான். பார்ட் இரண்டாம் லெவலிலேயே மூன்றாவதாக ஒன்றைத் தருகிறார். இதைக் கேட்டால் சின்ன விஷயமாகத் தோன்றும். வில் (Wyll) என்ற வார்லாக் துணைவனைப் பக்கத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் லெவலில் வில்லுக்கு மூன்றாம் நிலை மந்திரம் இரண்டு முறை போடலாம், ஆனால் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்ட்டிலும் அது திரும்ப நிறையும். மூன்று ஷார்ட் ரெஸ்ட் என்றால் ஒரு நாளைக்கு எட்டு முறை. அதே லெவலில் கேலுக்கு மூன்றாம் நிலை மந்திரம் இரண்டுதான், ஆர்கேன் ரிகவரியால் கொஞ்சம் கூடலாம். ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரே முறையில் இன்னொரு செயல்) ஷார்ட் ரெஸ்ட்டில் திரும்பும். பார்டின் இன்ஸ்பிரேஷனும் ஐந்தாம் லெவல் முதல் அப்படியே.

அதற்குப் பிறகு ஒரு பார்ட்டியைப் பார்த்தால் முதலில் நான் கேட்பது இதுதான்: இந்த நால்வரும் எப்போது களைத்துப் போவார்கள்? நால்வரும் லாங் ரெஸ்ட்டை நம்பியிருந்தால் இரண்டு சண்டைக்குள் எல்லோரும் ஒன்றாகக் காலியாகிவிடுவார்கள். கேலும் ஷேடோஹார்ட்டும் நானும் சேர்ந்த முதல் குழுவில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. அப்போது எனக்குக் காரணம் தெரியவில்லை.

கான்சன்ட்ரேஷனும் இதே வகைக் கணக்கு. ஒருவர் ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட ஒரு மந்திரத்தைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும், அடிபட்டால் அது கலையும் ஆபத்தும் உண்டு. ப்ளெஸ், ஹேஸ்ட், ஹோல்ட் பர்சன், ஸ்பிரிட் கார்டியன்ஸ், ஹங்கர் ஆஃப் ஹதார் என்று நல்லவை எல்லாமே இந்த வகையில்தான் வருகின்றன. ஷேடோஹார்ட் ஒருத்தி ப்ளெஸ்ஸும் ஸ்பிரிட் கார்டியன்ஸும் சேர்த்துப் போட முடியாது. அதனால் யார் எதைப் பிடிப்பார் என்று சண்டைக்கு முன்பே பிரித்துவிடுவேன். அவளுக்கு ஸ்பிரிட் கார்டியன்ஸ், எனக்கு ஹோல்ட் பர்சன், வில்லுக்கு ஹதார். நாலாவது ஆள் கார்லாக். பார்பேரியன் வெறியில் இருக்கும்போது மந்திரமே போட முடியாது. ஆகவே அவளுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, வாங்குகிற அடியெல்லாம் அவள் மேல் விழுந்தால் நல்லது. ஹதாரின் இருட்டுக்குள் எதிரிகள் தடுமாற, வெளியே வருகிறவனை வில்லின் எல்ட்ரிச் ப்ளாஸ்ட் திரும்ப உள்ளே தள்ள, அதையும் மீறி வருகிறவன் மேல் கார்லாக் ஈட்டியை எறிய, மூன்று பேர் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வது போல இருக்கும். அந்தக் குழுவோடு போன சண்டைகள்தான் இந்த இரண்டு ஆண்டில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தவை.

பூட்டுக்கு ரோக் வேண்டாமா? வேண்டாம். ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் பயிற்சியும் டெக்ஸ்டெரிட்டியும் இருந்தால் யாரும் திறக்கலாம். என் பார்ட் திறந்தான், பக்கத்தில் நின்று ஷேடோஹார்ட் பகடையில் எண்ணைக் கூட்டும் கைடன்ஸ் மந்திரம் போட்டாள். அப்படியே எல்லாப் பூட்டையும் கடந்து வந்தோம்.

பேச்சு பற்றியும் சொல்ல வேண்டும். சண்டை முடிந்ததும் யாராவது ஓடி வந்து பேச ஆரம்பிப்பார்கள், அதுவும் பக்கத்தில் நிற்பவரிடம். அது பெரும்பாலும் ஃபைட்டர் லேஸெலாக இருப்பாள், அவளுக்கு பேச்சுத் திறனைக் காட்டும் கரிஸ்மா 8தான். என் தம்பியோடு சேர்ந்து ஆடிய நாட்களில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் முதலில் போய் நிற்பது அவன் கதாபாத்திரம்தான். பேசத் தெரிந்தவர் இருவர் இருந்தால் இந்தக் கவலை விட்டது.

மூன்றாவது ஆட்டம் ஹானர் மோட். 2023 நவம்பர் கடைசியில் வந்தது. ஒரே ஒரு சேவ், லோட் செய்து தப்பிக்க வழியில்லை, பாஸ்களுக்குப் புதிய லெஜண்டரி ஆக்‌ஷன்கள் வேறு. இதற்கு இன்னும் வலுவான அடி வேண்டும் என்று நினைத்து பார்டை விட்டுவிட்டு சோர்சரர் எடுத்தேன். கூட ஷேடோஹார்ட், கார்லாக், லேஸெல். நான்காம் லெவலில் சிலந்திக் குகைக்குள் போனோம்.

அங்கே பெரிய சிலந்தி முதலில் வீழ்த்தியது ஷேடோஹார்ட்டை. குழுவில் குணப்படுத்தும் மந்திரம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். லேஸெல் ஓடிப்போய்க் கைகொடுத்து எழுப்பினாள். அதற்கு ஒரு முழு ஆக்‌ஷன் போனது, எழுந்தவளுக்கு உயிர் 1. அடுத்த அடியில் மறுபடியும் விழுந்தாள். இன்னொருவர் எழுப்பினார். எழுப்புவதிலேயே எங்கள் முறைகள் எல்லாம் தீர்ந்தன. அங்கேயே அந்த ஆட்டம் முடிந்தது. அன்றிரவு கணினியை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பது மணி நேரம் போனது வருத்தம்தான், ஆனால் அதைவிட, கூட வந்தவர்களைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் அதிகம்.

பார்டிடம் ஹீலிங் வேர்ட் இருந்திருந்தால் 18 மீட்டர் தள்ளி நின்றே ஒரு போனஸ் ஆக்‌ஷனில் எழுப்பியிருப்பான், அப்புறம் தன் ஆக்‌ஷனில் தாக்கியும் இருப்பான். கீழே கிடப்பவர் பக்கத்தில் ஹீலிங் போஷன் புட்டியை எறிந்தாலும் எழுவார்கள் என்பதும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இந்த கேமில் குணப்படுத்துவது உயிர்க்கோட்டை நிரப்பி வைப்பதற்கு ஆகாது, எதிரி அதைவிட வேகமாக அடிப்பான். விழுந்தவரைத் திரும்ப ஆட்டத்துக்குள் கொண்டுவரத்தான் அது. அதைச் செய்யத் தெரிந்தவர் குழுவில் இருவராவது இருக்க வேண்டும். ஏனென்றால் விழுவது யார் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை.

அடுத்த ஹானர் முயற்சியில் பார்டைத் திரும்பக் கூட்டிவந்தேன். முடித்தேன், ஹானர் மோடை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் தங்கப் பகடையும் கிடைத்தது.

இனி என் மனதுக்கு நெருக்கமான ஒரு விஷயம். இணையத்தில் சொல்லப்படும் 'சிறந்த நால்வர்' எதையும் கடைசிவரை வைத்திருக்க முடியாது, கதை அதற்கு விடாது. ஷேடோஹார்ட் வணங்கும் தெய்வமான ஷாரின் சோதனைகள் நடக்கும் இடத்துக்கு அவள் இல்லாமல் போனால் அவள் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவு நம் கண்ணுக்கு முன் நடக்காது. லேஸெலின் இனமான கித்யாங்கிகளின் கிரெஷ் என்ற முகாமுக்கு லேஸெல் வேண்டும், ஆஸ்டாரியனை அடிமையாக வைத்திருந்த கஸடோரின் மாளிகைக்கு ஆஸ்டாரியன் வேண்டும். ஆட்டத்துக்கு வசதி என்று இவர்களை முகாமில் விட்டுப் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் கூட வரும் மூவரில் ஓர் இடத்தை எப்போதும் காலியாக நினைத்துக்கொள்வேன். மீதி இருவரும் நானும் சேர்ந்தே எழுப்புவது, பூட்டு, பேச்சு, எதிரியைக் கட்டிப்போடுவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலாவதாக யார் வந்தாலும் அவருடைய கதைக்காக வருகிறார்.

முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொன் கொடுத்தால் யாரையும் எந்த கிளாஸாகவும் (பார்ட், கிளெரிக் போன்ற வகை) மாற்றலாம். நான் இதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன், ஒரு வரம்புக்குள். ஷேடோஹார்ட்டை கிளெரிக்கின் உட்பிரிவுகளில் ட்ரிக்கரியில் இருந்து லைட் டொமைனுக்கு மாற்றினேன். எதிரியின் குறியைத் தடுமாற வைக்கும் வார்டிங் ஃப்ளேர் கிடைக்கிறது, ஐந்தாம் லெவலில் ஃபயர்பாலும் வருகிறது. ஆனால் அவள் கிளெரிக்காகவே இருக்கிறாள். தன் தெய்வத்தோடு போராடும் பெண்ணை சோர்சரர் ஆக்கினால் அவள் பேசுவதற்கும் செய்வதற்கும் தொடர்பு அறுந்துவிடும். கார்லாக்கை மாங்க் ஆக்கிப் பார்த்தேன். எண்கள் நன்றாக இருந்தன, அரை மணி நேரத்தில் திரும்ப பார்பேரியன் ஆக்கிவிட்டேன்.

2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பேட்ச் (கேமின் புதுப்பிப்பு) பன்னிரண்டு புதிய சப்கிளாஸ்களை, அதாவது கிளாஸ்களின் உட்பிரிவுகளைக் கொடுத்தது, கிளாஸுக்கு ஒன்று. அதை வைத்துத்தான் நான்காவது ஆட்டம். ஆஸ்டாரியனை ஸ்வாஷ்பக்லர் ஆக்கியிருக்கிறேன். அவனுக்காகவே எழுதியது போல இருக்கிறது. வில் ஹெக்ஸ்ப்ளேட். நான் மறுபடியும் பார்ட்தான், இந்த முறை காலேஜ் ஆஃப் கிளாமர். ஷேடோஹார்ட் வழக்கம்போல லைட்.

லாஸ்ட் லைட் விடுதிக்கு இன்னும் போகவில்லை. போவதற்கு முன் எண்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆஸ்டாரியனுக்கு டெக்ஸ்டெரிட்டி 17, நாலாம் லெவலில் இனிஷியேட்டிவைக் கூட்டும் அலர்ட் என்ற திறனை எடுத்ததால் மேலும் 5. பகடையில் என்ன விழுந்தாலும் 9-க்குக் குறையாது. ஷேடோஹார்ட்டின் மந்திரப் பட்டியலில் சாங்க்சுவரியைச் சேர்த்துவிட்டேன். மாடிக்குப் போகும்போது அவளை இஸபெலுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.