தோரன்ஸ் எக்செல்டா: கேமரா வேஷத்தில் ஒரு கிராமபோன்

பழைய கிராமபோன் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பித்தளைக் குழாய் வைத்ததைத்தான் முதலில் தேடுவார்கள். எனக்கு அதில் ஆசை வந்ததே இல்லை. இன்று பளபளவென்று விற்பனைக்கு நிற்கிற பித்தளைக் குழாய்களில் ஏராளமானவை அண்மையில் உதிரிகளைச் சேர்த்து முடுக்கியவை, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். எனக்குப் பிடித்தவை சின்னவை, பார்த்தால் கிராமபோன் என்றே தெரியாதவை. அந்த வகையில், வாங்கி அலமாரியில் வைக்காமல் உண்மையாகவே பாட்டுக் கேட்க ஒன்று வேண்டும் என்றால், தயங்காமல் தோரன்ஸ் எக்செல்டாவைச் சொல்வேன்.

1930-களில் வந்தது. மூடி வைத்திருந்தால் அந்தக் காலத்து மடிப்புக் கேமராவின் பெட்டி மாதிரியே இருக்கும். நீளம் ஒரு அடிக்குள், எடை இரண்டு கிலோ அளவு, உடல் முழுக்க உலோகம். கறுப்பு, நீலம், பச்சை, பழுப்பு என்று பல நிறங்களில் கிடைக்கும். திறந்தால் சாவி கொடுக்கும் கைப்பிடி, தட்டின் மேல் நகரும் குழல் கையான டோன் ஆர்ம், அதன் நுனியில் ஊசியின் அதிர்வைத் தகட்டால் ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸ் எல்லாம் கழற்றி உள்ளேயே அடுக்கியிருக்கும். எடுத்துப் பொருத்தி, சாவி கொடுத்து, இசைத்தட்டை நடுவில் வைத்துத் திருகால் இறுக்கினால் போதும். 10 அங்குலத் தட்டு பெட்டியை விட அகலம், பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு அந்தரத்தில் சுற்றும். முதல் தடவை பார்க்கிற எவருக்கும் அது விழுந்துவிடும் என்றுதான் தோன்றும். விழாது. தனியாக ஒலிக்குழாய் (ஹார்ன்) கிடையாது, பெட்டியின் உட்பகுதியே அந்த வேலையையும் செய்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்த வேலைப்பாடு ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று புரியும். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில் உள்ள செந்த்-குரோவா என்ற சிறு ஊர், 19-ஆம் நூற்றாண்டில் சாவி கொடுத்தால் தானே மெட்டு இசைக்கும் இசைப் பெட்டிகள் செய்தே வாழ்ந்தது. தோரன்ஸ் 1883-இல் அங்கே தொடங்கியதும் இசைப் பெட்டிகளோடுதான். கிராமபோனின் முன்னோடியான போனோகிராப் வந்து அந்தத் தொழிலை விழுங்கியபோது, ஊர் அழிந்துபோகாமல் அதே சுருள்வில், பல்சக்கரக் கைவேலையை போனோகிராப்புக்கே திருப்பியது. பக்கத்திலேயே இருந்த பைலார் நிறுவனமும் அப்படித்தான், பின்னாளில் ஹெர்மஸ் தட்டச்சுப் பொறியும் போலெக்ஸ் சினிமாக் கேமராவும் செய்தவர்கள் அவர்கள். நான் சுவிஸில் இருப்பதால் இங்குள்ள பழைய சாமான் கடைகளில், புரோக்கி என்பார்கள், தோரன்ஸ், பைலார் என்ற இரண்டு பெயர்களும் அடிக்கடி கண்ணில் படும். அப்படிப் படும்போதெல்லாம் மனம் இன்னும் துள்ளுகிறது.

பைலார் செய்த மிக்கிபோன் என்ற குட்டிக் கிராமபோனையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எக்செல்டா வாங்க நினைப்பவர் எப்படியும் அதையும் பார்ப்பார். ஹங்கேரிக்காரரான வடாஸ் 1920-களில் வடிவமைத்தது. வட்டமான தகர டப்பா, பெரிய சட்டைப்பை கடிகாரம் போல. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமே ஒன்றை வைத்திருக்கிறது. வடிவு என்றால் அதுதான் வடிவு. ஆனால் ஒலியைப் பெருக்குகிற கிண்ணம் எளிதில் உடையும், பலவற்றில் அது காணாமலே போயிருக்கும், அது இல்லாவிட்டால் சத்தமும் இல்லை. விலையும் எக்செல்டாவை விடக் கூட. பார்ப்பதற்கு மிக்கிபோன், கேட்பதற்கு எக்செல்டா, என் முடிவு இதுதான்.

சரி, சத்தம் எப்படி? ஒரு அறைக்குத் தாராளமாகப் போதும். கனமான ஒலி வராது, மிருதங்கம் ஏறக்குறைய மறைந்தே போகும், ஆனால் குரலும் வயலினும் வியப்பாகத் தெளிவு. எஸ்.ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரல் இதில் வரும்போது, மின்சாரம் எதுவும் இல்லாமல் ஒரு ஊசியும் ஒரு தகடும் மட்டும் இதைச் செய்கின்றன என்பது எனக்கு இன்னும் நம்ப முடியாததாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை முழுக்கச் சாவி கொடுத்தால் ஒரு பக்கம் ஓடும், கடைசியில் சுருதி இறங்கினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது அல்லது உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வாங்கும்போது கைப்பிடியும் சவுண்ட் பாக்ஸும் அந்தப் பொறிக்கே உரியவைதானா என்று பாருங்கள், இரண்டும் தனித்தனியாகக் கிடைப்பது பெரும் பாடு. இணையத்தில் ஒருவரிடம் 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கிய பொறியில் ஸ்பிரிங் உள்ளேயே முறிந்து கிடந்தது, திருப்பி அனுப்பினேன். ஆகவே ஓடுகிற காணொளி கேளுங்கள், தட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடுகிற காணொளி. அப்புறம், சவுண்ட் பாக்ஸுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்கள் இத்தனை வருடத்தில் கல்லாகியிருக்கும். அவற்றை மாற்றிவிட்டால் கரகரப்பு பாதியாகக் குறையும், பழக்கம் உள்ளவருக்கு ஒரு மாலைப்பொழுது வேலை.

ஊசி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். இந்தப் பொறிக்குரிய பழைய அரக்குத் தட்டில் கலந்திருக்கும் பொடி ஊசியைத் தேய்த்துக் கூர்மையாக்கிவிடும், தேய்ந்த ஊசியை மறுபடி வைத்தால் தட்டின் தடத்தை அது உழுதுவிடும். இப்படிப்பட்ட பொறிகளில் ஊசிமுனையில் நூறு கிராமுக்கு மேல் பாரம் இறங்கும், பின்னாளில் வந்த வினைல் தட்டுக்கான எல்பி பிளேயரில் இரண்டு கிராம் அளவுதான். அதனால் எல்பி தட்டை இதில் வைக்கவே கூடாது. சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் என்ற பெயரில் வெளியிட்ட தட்டு மாதிரி இனிக் கிடைக்காதது கையில் இருந்தால் அதையும் வைக்காதீர்கள், நல்ல மின் பிளேயரில் ஒரு முறை பதிவு செய்துவிட்டு உறையில் வையுங்கள். எக்செல்டாவுக்கு நான் போடுவது புரோக்கியில் மலிவாகக் கிடைக்கும் யோடல் என்ற ஆல்ப்ஸ் மலைப் பாட்டுத் தட்டுகளும், என்னிடம் இரண்டாவது பிரதி இருக்கிற தமிழ்த் தட்டுகளும்தான்.

நல்ல நிலையில் உள்ளதற்குச் சில நூறு பிராங்க் கேட்கிறார்கள். முழுமையாக இருந்தால் கொடுக்கலாம். கைப்பிடி இல்லாததைப் பாதி விலைக்குத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.