செல் ஊர்வதைப் பார்க்க எந்தத் தளம்: பாலிஅக்ரிலமைடா, பிடிஎம்எஸ்ஸா, பிஇஜியா?

ஊரும் செல்லின் முன்விளிம்பில் ஆக்டின் என்ற புரத இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ளும். மயோசின் என்ற இயக்கப் புரதம் அவற்றைப் பின்னுக்கு இழுக்கும். செல் சவ்வில் உள்ள இன்டக்ரின் என்ற பிடிப்புப் புரதம் தரையைப் பிடித்திருந்தால்தான் இந்த இழுபறி நகர்வாக மாறும். கீழே இருக்கும் பாலிமர் ஆக்டினைத் தொடுவதே இல்லை, அந்தப் பிடியை மட்டும்தான் மாற்றுகிறது. அதனால் ‘எத்தனை கிலோபாஸ்கல்’ (விறைப்பின் அலகு) என்று மட்டும் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தால் ஏமாற்றம்தான்.

தட்டையான தளத்துக்கு முதலில் கைவைக்க வேண்டியது பாலிஅக்ரிலமைடு. 40% அக்ரிலமைடு 125 மைக்ரோலிட்டர், 2% பிஸ்அக்ரிலமைடு (சங்கிலிகளைக் குறுக்கே இணைப்பது) 75, பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) 789, உறைய வைக்கும் 10% அம்மோனியம் பர்சல்ஃபேட் 10, டெமெட் 1: இந்த 1 மில்லிலிட்டர் கலவை உறைந்தால் விறைப்பு ஏறத்தாழ 4.5 கிலோபாஸ்கல். அக்ரிலமைடை 200, பிஸ்ஸை 132 ஆக்கி, பிபிஎஸ்ஸை 657 ஆகக் குறைத்தால் 20-ஐ ஒட்டி வரும். 18 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்புக்கு 25 மைக்ரோலிட்டர் விட்டால் தடிமன் சுமார் 100 மைக்ரான். மிக மெல்லியதாகப் போனால் செல் அடியில் உள்ள கண்ணாடியையே உணரும்.

சொதப்புவது பெரும்பாலும் புரதம் ஒட்டும் கட்டத்தில். ஜெல்லோடு புரதத்தை ஒளியால் இணைக்கும் சல்ஃபோ-சன்பா தண்ணீரில் கரைந்ததுமே சிதையத் தொடங்கும். கரைத்த கையோடு ஊற்றி 365 நானோமீட்டர் ஒளியில் வையுங்கள். ஆரஞ்சு நிறம் பழுப்பாக மாற வேண்டும். இதில் தவறினால், செல் பிடித்துக்கொள்ளும் புரதமான ஃபைப்ரோநெக்டின் திட்டுத்திட்டாக ஒட்டும், செல்கள் உருண்டே கிடக்கும். பழி ‘மென்மையான ஜெல்’ மேல் விழும். அக்ரிலமைடு பொடி நரம்பு நஞ்சு. கரைசலாகவே வாங்குவது நல்லது.

பிடிஎம்எஸ் என்ற சிலிகோன் ரப்பர் கையாள எளிது, ஒளிபுகும், காய்ந்தாலும் கெடாது. ஆனால் வழக்கமான 10:1 (அடிப்பொருளுக்கு இறுக்கும் பொருள்) கலவை மெகாபாஸ்கல் அளவில் விறைப்பானது. 50:1 போட்டு மென்மையாக்கினால், இணையாத சங்கிலிகள் கசிந்து வரும். எண்ணெய் நாட்டமுள்ள சிறு மூலக்கூறுகளையும் அது உறிஞ்சும் என்பதால், ஆக்டினைக் குலைக்கும் மருந்தைச் சோதிக்கும்போது செல்லுக்குப் போய்ச் சேரும் அளவு நீங்கள் ஊற்றிய அளவாக இராமல் போகலாம். பிடிஎம்எஸ்ஸின் உண்மையான பலம் நுண்தூண்கள். உயரத்தை இரட்டித்தால் தூணின் விறைப்பு எட்டில் ஒன்றாகும், மேற்பரப்போ அப்படியே இருக்கும். தூண் வளைந்த அளவிலிருந்து செல்லின் இழுவிசையையும் கணக்கிடலாம். எத்தனாலில் நனைத்து, பிறகு படிப்படியாகத் தண்ணீருக்கு மாற்றுங்கள். நடுவில் காயவிட்டால் தூண்கள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைகால்) ஜெல், செல்லை உள்ளே வைத்து முப்பரிமாணத்தில் பார்ப்பதற்கு. அதன் மேல் செல்லுக்குத் தானாகப் பிடி கிடையாது. இன்டக்ரின் பிடிக்கும் ஆர்ஜிடி என்ற சிறு பெப்டைடு சேர்த்தால்தான் கிடைக்கும். மேலியிமைடு என்ற வேதித்தொகுதியை முனையில் கொண்ட பிஇஜி நொடிகளில் உறைந்து கட்டிகட்டியாகும். அமிலத்தன்மையைச் சற்றே கூட்டினால் கலக்க நேரம் கிடைக்கும். வலைக்கண் நானோமீட்டர் அளவு என்பதால் உட்கரு நுழையவே முடியாது. செல் நகரவில்லை என்றால் ஆக்டினைச் சந்தேகிக்கும் முன், குறுக்கிணைப்பில் போட்ட பெப்டைடைச் செல் தன் சுற்றுப்புறத்தை வெட்டப் பயன்படுத்தும் எம்எம்பி நொதிகளால் வெட்ட முடியுமா என்று பாருங்கள்.