தென்னை நார் மண்காப்பு வலை: எந்தச் சரிவுக்கு எது?

சாலையோரச் சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்க விரிக்கும் இந்த வலை, சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எடைகளில் கிடைக்கிறது. வெட்டிய செம்மண் சரிவுக்கு 700 எடுங்கள்; 400 லேசான சாய்வுக்குத்தான் சரி. தென்னை நாரில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத மரப்பொருள் அதிகம். அதனால் மழையில் நனைந்தாலும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். விலை குறைந்த சணல் வலை அதற்கு முன்பே மக்கிவிடும்.

விரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சரிவைச் சீவி, கல்லையும் வேர்க்கட்டையையும் அகற்றி, புல் விதை தூவிய பிறகே வலை. மேல்விளிம்பை 30 செ.மீ. பள்ளத்தில் புதைத்து, மண் தள்ளி மிதிக்க வேண்டும். மேலிருந்து கீழாக உருட்டுங்கள், குறுக்காக வேண்டாம். பக்கத்துப் பாய்கள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். மீட்டருக்கு ஒரு முளையாவது அடிக்க வேண்டும். விறைப்பாக இழுத்தால் குழிகளின் மேல் வலை அந்தரத்தில் நிற்கும். அடியில் நீர் புகுந்து வாய்க்கால் பறிக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மழைத்துளி மண்ணைச் சிதறடிப்பதையும் மேலோடும் நீரின் வேகத்தையும் இது குறைக்கும். ஆழத்தில் நகரும் நிலச்சரிவுக்கு உதவாது. அங்கே வடிகாலும் தாங்குசுவரும் வேண்டும். புல் பிடிக்காத அடர்நிழலில் வாங்கிப் போடுவது காசுக்குக் கேடு.