படகு சரி, மூன்றாவது பலகை யார் பொறுப்பு? (5-க்கு 2)

ஆற்றில் தண்ணீர் இல்லை என்று கிண்டல் செய்வார்களே, அந்த வேலூர்க்காரன் நான், அதனால் எங்கே படகு விட்டாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன ஞாயிறு போனது பழைய வடஆற்காடு எல்லைக்குள் இருக்கும் ஓர் ஏரிப் படகுத்துறை. பெயர் வேண்டாம்.

படகைக் குறை சொல்ல மாட்டேன். மிதிபடகு நாலு பேருக்கு அரை மணி நேரம் 200 ரூபாய். பெடல் லேசாக மிதிபட்டது, உள்ளே தண்ணீர் தேங்கவில்லை, ஏற்றிவிட்ட பையனும் பொறுமைசாலி. லைஃப் ஜாக்கெட்தான் மோசம். சின்னவளுக்குக் கொடுத்ததில் பக்கிள் உடைந்து நாடாவால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். வேறு கேட்டால் "சின்ன சைஸ் இது ஒண்ணுதான் சார்".

அப்புறம் அந்தத் துறை. படகில் ஏறும் இடத்தில் மூன்றாவது பலகை ஆடுகிறது, ஆணி தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, வீட்டுக்காரியின் புடவை அதில் மாட்டி ஒரு சாண் கிழிந்தது. டிக்கெட் கொடுப்பவரிடம் சொன்னேன். "நாங்க குத்தகைக்கு எடுத்தவங்க சார், துறையைக் கட்டினது ஆபீஸ், அவங்கதான் பார்க்கணும்." அறிவிப்புப் பலகையில் இருந்த ஆபீஸ் நம்பருக்குப் போட்டால் "அதான் குத்தகைக்கு விட்டாச்சே, எடுத்தவரைக் கேளுங்க".

பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம், சந்தை சுங்கம் எல்லாவற்றிலும் இதே கதைதானே. ஏலத்தில் அதிகம் கேட்டவருக்கு விடுகிறார்கள், காப்புத்தொகையும் குத்தகைப் பணமும் கட்டிவிட்டு வருபவர் காலம் முடிவதற்குள் போட்டதை எடுக்கத்தான் பார்ப்பார், அவரைச் சொல்லி என்ன பயன், ஆணி அடிப்பது யார் காசில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டாமா?

சிகாகோவில் இருக்கும் மச்சானிடம் ராத்திரி புலம்பினேன். அங்கே 1916-ல் திறந்த நேவி பியர் என்ற ஏரித்துறை ஓர் அரசு அமைப்பின் சொத்து, 2011-லிருந்து லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. உள்ளே நடந்து போகக் காசு கிடையாது, ராட்டினம் ஏறினால்தான் டிக்கெட். இங்கே அம்மா படகுப் பக்கமே வரவில்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கடலை தின்றதற்கே நுழைவுக் கட்டணம் 20 ரூபாய். கட்டணப் பலகையில் அந்த 20-ம் ஸ்டிக்கர், ஓரம் பெயர்ந்த இடத்தில் அடியில் 10 தெரிகிறது. ரசீதில் வரிசை எண்ணும் இல்லை.

போகிறவர்கள் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது பலகையை மட்டும் தாண்டிக் கால் வையுங்கள்.